ஃபைபர்ல வெளிச்சம் ஓடுதுன்னா என்ன அர்த்தம்? முதல்ல இருந்து ஒரு விளக்கம்

போன மாசம் திருநகர்ல எங்க சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேக்குறாரு, "ஏம்ப்பா, ஒளி வேகத்துல வரும்னு சொல்லித்தான மாட்டிவிட்டாய்ங்க, அப்புறம் ஏன் படம் சுத்திக்கிட்டே நிக்குது?" சித்தி அடுப்படியில இருந்தே, "மழை பேஞ்சா சாட்டிலைட்டு சரியா எடுக்காதுங்க"ன்னாங்க. வாசல்ல நின்ன பக்கத்து வீட்டு அண்ணன், "உள்ள செம்புக் கம்பில களிம்பு ஏறியிருக்கும்"னாரு. மூணு பேருமே விவரமானவங்கதான், ஆனா மூணும் தப்பு.

நான் மதுரைல பத்துப் பன்னெண்டு வருஷமா ஃபைபர், அதாவது வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டு வர்ற கண்ணாடி நூலை, ஒட்டி ஜாயின்ட் அடிக்கிற வேலைல இருக்கேன். தெருத்தெருவா ஏணியோட போறப்ப இந்த மூணு பேச்சையும் ஏதாவது ஒரு வீட்டுல கேட்டுட்டுத்தான் வாரேன். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, விளம்பரத்துல எல்லாம் "மின்னல் வேகம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டுப் போயிடுறாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு உக்காந்து சொல்ல ஆள் இல்ல. அதான் எழுதுறேன். பத்தாவது படிக்கிற புள்ளைக்கும் புரியணும்னு நெனச்சு எழுதுறேன்.

## வேகம்னு நாம சொல்றதுல ரெண்டு கணக்கு இருக்கு

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை அணைல தண்ணி திறந்துவிடுவாங்கல்ல, அதை நெனச்சுக்கங்க. ஆண்டிபட்டிப் பக்கம் ஷட்டரைத் தூக்குன தண்ணி நம்ம கல்பாலத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறது ஒரு கணக்கு. வந்து சேர்ந்தப்புறம் நொடிக்கு எத்தன கனஅடி ஓடுதுங்கறது வேற கணக்கு. சீக்கிரம் வந்துருச்சுங்கறதுக்காக நெறைய வந்துச்சுன்னு சொல்ல முடியாதுல்ல.

இன்டர்நெட்லயும் அப்படித்தான். முதல் கணக்குக்குப் பேரு லேட்டன்சி, அதாவது கெளம்புனது வந்து சேர ஆகுற நேரம். ரெண்டாவது கணக்கு பேண்ட்விட்த், ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருதுங்கறது. நீங்க மாசாமாசம் காசு கட்டுற 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), 200 எம்பிபிஎஸ் எல்லாம் ரெண்டாவது கணக்கு.

இப்ப ஒரு விஷயம் சொன்னா நெறையப் பேரு நம்ப மாட்டாங்க. வெளிச்சம் வெட்டவெளில நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும், ஆனா கண்ணாடிக்குள்ள ஏறக்குறைய 2 லட்சம்தான். பழைய செம்புக் கேபிள்ல போற சிக்னலும் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் ஓடுது! மதுரைல இருந்து சென்னை 460 கிலோமீட்டர்னு வச்சா ரெண்டுலயுமே ஒரு நொடில ஆயிரத்துல ரெண்டு மூணு பங்கு நேரத்துல போய்ச் சேர்ந்துரும். அப்ப ஒளி வேகம்ங்கறதை வச்சு ஃபைபர் செம்பை ஜெயிக்கல.

ஜெயிச்சது எங்கன்னா, செம்புல சிக்னலை வேகவேகமா ஏத்தி எறக்க எறக்க அது சீக்கிரமே தேஞ்சு போயிரும். கம்ப்யூட்டருக்குப் போடுற சாதாரண லேன் கேபிளை 100 மீட்டருக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கிறதே அதனாலதான். ஃபைபர்ல அதைவிடப் பல மடங்கு தகவலை ஏத்தி 80, 100 கிலோமீட்டர் வரைக்கும் நடுவுல ஒரு பெட்டியும் இல்லாம அனுப்பலாம்.

ஆக, ஓட்டம் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணு. சுமக்குற அளவுலயும் தேயாமப் போற தூரத்துலயும்தான் ஃபைபர் எங்கயோ நிக்குது.

## கிணத்துக்குள்ள முங்கிப் பாத்திருக்கீங்களா?

சரி, கண்ணாடி நூலுக்குள்ள விட்ட வெளிச்சம் பக்கவாட்டுல வெளிய கசிஞ்சிராதா? எல்லாருக்கும் வர்ற கேள்விதான்.

சோழவந்தான் பக்கம் எங்க தாத்தா தோட்டத்துல பெரிய கிணறு ஒண்ணு. லீவுக்குப் போனா நாள் பூரா அதுக்குள்ளதான் கெடப்போம். அடியில முங்கி கண்ணைத் தொறந்து மேல பாத்தா தலைக்கு நேர் மேல ஒரு வட்டத்துக்குள்ளதான் வானமும் தென்னை மட்டையும் தெரியும். அந்த வட்டத்தைத் தாண்டி அங்கிட்டுப் பாத்தா தண்ணியோட மேல்பரப்பு பாதரசம் பூசுன மாதிரி மின்னும், கிணத்துச் சுவரு அதுல தலைகீழாத் தெரியும். அந்த எடத்துல கண்ணாடி ஏதும் பதிச்சு வைக்கல, மேல வெறும் காத்துதான். ஆனா சாய்வா வர்ற வெளிச்சம் காத்துக்குள்ள போக முடியாம தண்ணிக்குள்ளயே திரும்பிருது.

பள்ளிக்கூடப் புத்தகத்துல முழு அக எதிரொளிப்புன்னு படிச்சிருப்போம், அது இதான். வெளிச்சம் மெதுவாப் போற பொருள்ல இருந்து வேகமாப் போற பொருளுக்கு ரொம்பச் சாய்வா வந்து மோதுனா, ஒரு துளி கூட வெளிய போகாம அப்படியே திரும்பிரும். வீட்டுக் கண்ணாடில மூஞ்சி பாக்குறப்ப கூட கொஞ்சம் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி தின்னுரும், இதுல அந்த நஷ்டமும் கெடையாது.

ஃபைபர்ல தண்ணிக்குப் பதிலா ஒரு கண்ணாடி, காத்துக்குப் பதிலா இன்னொரு கண்ணாடி. நடுவுல வெளிச்சம் கொஞ்சம் மெதுவாப் போற கண்ணாடி, அதுக்குப் பேரு கோர். சுத்தி வெளிச்சம் கொஞ்சம் வேகமாப் போற கண்ணாடி, அதுக்குப் பேரு கிளாடிங். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது, ஆனா அதுவே போதும்.

அளவு சொல்றேன். நாங்க ஜாயின்ட் அடிக்கிறப்ப கைல பிடிக்கிற கண்ணாடி மொத்தமே 0.125 மில்லிமீட்டர். தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அதுக்குள்ள வெளிச்சம் ஓடுற கோர் 0.009 மில்லிமீட்டர், அதாவது 9 மைக்ரான். ரெண்டு நூலோட அந்த ரெண்டு கோரையும் நேருக்கு நேரா நிறுத்தி, கரண்டுப் பொறியில உருக்கி ஒட்டணும். தூசி ஒண்ணு நடுவுல வந்தா போச்சு. ரோட்டோரம் குடையைப் பிடிச்சுக்கிட்டு மிஷினுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பயலுகளைப் பாத்திருப்பீங்க, அவனுக அந்த ஒம்போது மைக்ரான் சோலியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கானுக.

இதை வீட்டுலயே செஞ்சு பாக்கலாம். தண்ணி பாட்டில்ல கீழ ஒரு ஓட்டை போட்டு தண்ணி வளைஞ்சு விழுகுறப்ப, எதிர்ப்பக்கம் இருந்து டார்ச் அடிச்சா வெளிச்சம் தண்ணியோட சேந்து வளைஞ்சு கீழ வரும். ஜெனீவாவுல டேனியல் கொலடான் 1841-லயே இப்படி செஞ்சு காட்டுனாரு. பஞ்சாப்ல மோகாவுல பொறந்த நரிந்தர் சிங் கபானி லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஹெரால்டு ஹாப்கின்ஸ் கூட சேந்து, கண்ணாடி நூலைக் கட்டுக்கட்டா வச்சு ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்குப் படத்தையே அனுப்பி 1954-ல கட்டுரை போட்டாரு. "ஃபைபர் ஆப்டிக்ஸ்"ங்கற பேரையே பரப்புனது அவருதான். நம்ம நாட்டு மனுஷன் ஒருத்தர் இந்தக் கதைல இவ்வளவு முன்னாடியே இருக்காருங்கறது நம்ம பிள்ளைகளுக்குத் தெரியணும்.

## எல்லாச் சண்டையும் அழுக்கோடதான்

இதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, அதனால கொஞ்சம் நீளமாவே போகும்.

ஜன்னல் கண்ணாடியை நேராப் பாத்தா எதுவுமே இல்லாத மாதிரி தெளிவா இருக்கும். அதே கண்ணாடியோட ஓரத்தைப் பாருங்க, பச்சையாத் தெரியும். மணல்ல இருக்கிற இரும்புதான் அந்தப் பச்சைக்குக் காரணம். ஓர் அடி கண்ணாடிக்கே இந்தக் கதின்னா கிலோமீட்டர் கணக்குல போனா என்ன மிஞ்சும்?

இதை அளக்குறதுக்கு நாங்க டெசிபெல்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். சூத்திரம் எல்லாம் வேண்டாம், மூணு நம்பர் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: 3 டெசிபெல் போச்சுன்னா வெளிச்சம் பாதி ஆயிருச்சு, 10 போச்சுன்னா பத்துல ஒரு பங்கு, 20 போச்சுன்னா நூத்துல ஒரு பங்கு.

1960-கள்ல இருந்த கண்ணாடி நூல்ல கிலோமீட்டருக்கு 1000 டெசிபெல் அளவுக்கு நஷ்டம். அதாவது 20 மீட்டர் போறதுக்குள்ள நூத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். தெருவுல ரெண்டு வீடு தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். டாக்டர் வயித்துக்குள்ள விட்டுப் பாக்குற குழாய்க்கு அது போதும், டெலிபோனுக்கு ஆகாதுன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. அப்ப இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு டெலிகம்யூனிகேஷன் லேபாரட்டரீஸ்ல வேலை பாத்த சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் ரெண்டு பேரும் 1966-ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. நஷ்டத்துக்குக் காரணம் கண்ணாடியோட குணம் இல்ல, அதுல கலந்திருக்கிற அழுக்கு, அதை எடுத்துட்டா கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழ கொண்டு வரலாம், வந்துட்டா டெலிபோனுக்கே பயன்படும்னாங்க. அந்த ஒரு யோசனைக்காக காவோவுக்கு 2009-ல இயற்பியல் நோபல் பரிசு குடுத்தாங்க, 43 வருஷம் கழிச்சு.

அதை செஞ்சு காட்டுனது அமெரிக்காவுல கார்னிங் கம்பெனி. ராபர்ட் மௌரர், டொனால்டு கெக், பீட்டர் ஷுல்ட்ஸ்னு மூணு பேரு 1970-ல 17 டெசிபெலுக்குக் கொண்டு வந்தாங்க, 1972-ல 4. ஜப்பான்ல என்டிடிங்கற டெலிபோன் நிறுவனம் 1979-ல 0.2-க்கு வந்துருச்சு. 0.2-ன்னா என்னன்னு நம்ம ஊரை வச்சு சொல்றேன். மதுரைல ஏத்துன வெளிச்சம் பரமக்குடி தாண்டி ராமநாதபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அதாவது 100 கிலோமீட்டர் போனப்புறமும் நூத்துல ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். 20 மீட்டர்ல நடந்தது இப்ப 100 கிலோமீட்டர்ல நடக்குது. பதிமூணு வருஷத்துல! இன்னைக்கு நம்ம தெருவுல இழுக்குற ஃபைபரும் ஏறக்குறைய அந்த 0.2-தான். ஜப்பானோட சுமிட்டோமோ எலக்ட்ரிக் 2017-ல 0.142 வரைக்கும் கீழ எறக்குனாங்க.

எப்படி இவ்வளவு சுத்தம் பண்ணுனாங்க? மணலை அள்ளிப் போட்டு உருக்கல. நம்ம வீட்டுல கண்மை எடுப்பாங்கல்ல, விளக்கெண்ணெய் விளக்குக்கு மேல தட்டைக் கவுத்து வச்சா புகை படிஞ்சு மை சேரும், கார்னிங் செஞ்சது அதே வேலைதான். சிலிக்கான் டெட்ராகுளோரைடுங்கற திரவத்தை ஆவியாக்கி நெருப்புல விடுவாங்க, அது எரிஞ்சு தூள் தூளா கண்ணாடிப் புகையாப் படியும். திரவம் ஆவியாகுறப்ப இரும்பு மாதிரி அழுக்கு அதோட சேந்து லேசுல ஆவியாகாது, அது அடியிலயே தங்கிரும். சூட்சுமம் அவ்வளவுதான். நடுப்பகுதிக்கு மட்டும் கொஞ்சம் ஜெர்மானியம் சேத்துப் படிய விட்டா அதான் கோர் ஆகும்.

இப்படிப் படிஞ்சதைச் சூடுபண்ணி இறுக்கினா ஒரு தடிமனான கண்ணாடிக் கம்பு கிடைக்கும், ப்ரீஃபார்ம்னு சொல்வாங்க. அதை உயரமான கோபுரத்துல தொங்கவிட்டு நுனியை 2000 டிகிரிப் பக்கம் சூடாக்கி கீழ இருந்து இழுப்பாங்க. திருவிழாவுல சவ்வு மிட்டாய்க்காரர் இழுக்குறதைப் பாத்திருப்பீங்க. ரோஸும் வெள்ளையுமா கோடு போட்ட உருண்டையை எவ்வளவு மெல்லிசா இழுத்தாலும் உள்ள அந்தக் கோடு அதே கணக்குல மெல்லிசாகி அங்கயே இருக்கும்ல? கம்புக்குள்ள கோரும் கிளாடிங்கும் எந்தக் கணக்குல இருந்துச்சோ, முடியளவு நூலா ஆனப்புறமும் அதே கணக்குல இருக்கும். பெரிய கம்பு ஒண்ணுல இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நூல் வரும்.

சுருக்கமா, வெளிச்சத்தை உள்ளயே அடக்கிக் கூட்டிட்டுப் போற வித்தை 1841-லயே தெரிஞ்சிருந்துச்சு. காத்திருந்தது சுத்தமான கண்ணாடிக்கு.

## மாசி வீதியில போனவரும் சித்திரை வீதியில போனவரும்

கண்ணாடி சுத்தமானா போதுமா? போதாது. மதுரைல மீனாட்சி கோயிலைச் சுத்தி ஒண்ணுக்கு வெளிய ஒண்ணா வீதிகள் இருக்குல்ல. கீழவாசல்ல இருந்து மேல்பக்கம் போகணும், நாலு பேரு ஒரே நேரத்துல ஒரே நடைல கெளம்புறாங்கன்னு வைங்க. ஒருத்தர் சித்திரை வீதியைச் சுத்திப் போறாரு, இன்னொருத்தர் ஆவணி மூல வீதி, அடுத்தவர் மாசி வீதி, கடைசி ஆளு வெளி வீதி. உள் சுத்துல போனவரு மொதல்ல வருவாரு, வெளி வீதிக்காரர் கடைசியா வருவாரு. ஒண்ணாக் கெளம்புனவங்க சிதறி வந்து சேருவாங்க. அதுக்குள்ள ரெண்டாவது கூட்டம் கெளம்பிருச்சுன்னா யாரு எந்தக் கூட்டம்னே தெரியாது.

கோர் அகலமா இருந்தா வெளிச்சத்துக்கு இப்படிப் பல வழி கிடைக்கும். அதுக்குப் பேரு மல்டிமோடு, ஒரே கட்டடத்துக்குள்ள, சர்வர் ரூமுக்குள்ள சின்ன தூரத்துக்கு ஆகும். ஒம்போது மைக்ரானுக்குக் கோரைச் சுருக்கிட்டா வெளிச்சத்துக்கு ஒரே ஒரு வழிதான், அது சிங்கிள்மோடு. ஊரு விட்டு ஊரு போறது, உங்க வீட்டுக்கு வர்றது எல்லாம் சிங்கிள்மோடுதான். வெளிச்சம் இங்கிட்டும் அங்கிட்டும் மோதி மோதிப் போற மாதிரி படம் போடுவாங்கல்ல, அது புரியறதுக்காகப் போடுறது, சிங்கிள்மோடுல அப்படி மோதிக்கிட்டுப் போறதில்ல.

## கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஒரே நூல்ல பல நிறம்

தகவல் எப்படிப் போகுதுன்னா, அடிப்படையில ஒரு டார்ச்சை அணைச்சு அணைச்சுப் போடுற மாதிரிதான். எரிஞ்சா 1, அணைஞ்சா 0. அந்த ஒவ்வொரு 1, 0-க்கும் பேரு பிட். டார்ச்சுக்குப் பதிலா உப்புக்கல்லு அளவுல ஒரு லேசர், நொடிக்குக் கோடிக்கணக்குல மினுக்கும். சாதாரண ரூம் சூட்டுல விடாம எரியற குட்டி லேசரும் அதே 1970-லதான் வந்துச்சு, ரஷ்யாவுல ஆல்ஃபெரோவ் குழுவும் அமெரிக்காவுல பெல் லேப்ஸும் செஞ்சாங்க. நல்ல கண்ணாடியும் நல்ல விளக்கும் ஒரே வருஷத்துல கிடைச்சது இந்தத் துறைக்குப் பெரிய யோகம்.

அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பு. அலைநீளம் 1310, 1550 நானோமீட்டர் பக்கம் இருக்கிற வெளிச்சத்துக்குத்தான் கண்ணாடில நஷ்டம் கம்மி, அதான் அதை எடுத்துக்கிட்டாங்க. தயவுசெஞ்சு கழட்டுன ஃபைபர் முனையை "லைட்டு வருதா"ன்னு கண்ணு பக்கத்துல வச்சுப் பாக்காதீங்க. எதுவும் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும். புள்ளைகளையும் தொட விடாதீங்க, ஒடஞ்ச கண்ணாடித் துண்டு விரல்ல ஏறுனா எடுக்குறது பெரும்பாடு.

அப்புறம் நிறம். ஒரே காத்துலதான மதுரை வானொலியும் வருது, மத்த எஃப்எம் எல்லாமும் வருது, ஒண்ணோட ஒண்ணு மோதலையே? அதே மாதிரி ஒரே நூல்ல கொஞ்சம் கொஞ்சம் நிறம் மாத்தி பல லேசரை ஒண்ணா ஏத்தி, அந்தப் பக்கம் பிரிச்சு எடுக்கலாம். டபிள்யூடிஎம்னு பேரு. ஊர்களுக்கு நடுவுல போற லைன்ல 80, 96 நிறம்னு ஏத்துறாங்க. புதுசா குழி தோண்டாம, நூல் மாத்தாம, ரெண்டு முனைலயும் பெட்டியை மட்டும் மாத்தியே கொள்ளளவைக் கூட்டிக்கிட்டுப் போறது இப்படித்தான். ஜப்பான்ல என்ஐசிடிங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல சாதாரண ஃபைபர்லயே நொடிக்கு 402 டெராபிட் அனுப்பிக் காட்டுச்சு. ஒரு டெராபிட்னா லட்சம் கோடி பிட்.

100 கிலோமீட்டருக்கு மேல என்ன பண்றது? முன்னெல்லாம் நடுவுல ஒரு பெட்டி வச்சு, வெளிச்சத்தை கரண்டா மாத்தி, சுத்தம் பண்ணி, திரும்ப வெளிச்சமாக்கி அனுப்பணும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா. 1987-ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல டேவிட் பெய்ன் குழுவும், பெல் லேப்ஸ்ல டெசுர்வீரும் எர்பியம்ங்கற தனிமத்தைக் கலந்த ஃபைபர் துண்டை வச்சு வெளிச்சத்தை வெளிச்சமாவே பெருக்கிக் காட்டுனாங்க. அழகர் கோயில்ல இருந்து நடந்து வர்ற கூட்டத்துக்கு வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருப்பாங்கல்ல, நிக்காம நடந்துகிட்டே வாங்கிக் குடிச்சுத் தெம்பாப் போவாங்க, அந்த மாதிரி. எல்லா நிறத்துக்கும் ஒரே பந்தல் போதும். இதுக்குப் பேரு ஆப்டிகல் ஆம்ப்ளிஃபயர்.

## சாட்டிலைட் எங்கயும் இல்ல

சித்தி சொன்னதுக்கு வாரேன். நாம பாக்குற வெளிநாட்டு வீடியோ, வாட்ஸ்அப் கால் எல்லாம் கிட்டத்தட்ட மொத்தமும் கடலுக்கடியில கெடக்குற ஃபைபர் வழியாத்தான் வருது. அட்லாண்டிக்குக்கு அடியில முதல் ஃபைபர் கேபிள் 1988-ல போட்டாங்க, டேட்-8னு பேரு, ஒரே நேரத்துல 40,000 டெலிபோன் பேச்சுக்கு எடம். நம்ம பக்கத்துலயே தூத்துக்குடில இருந்து கொழும்புக்குப் பக்கத்துல மவுண்ட் லவினியாவுக்கு 2006-ல ஒரு கேபிள் போட்டிருக்காங்க. சென்னைல இருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட்ல தொறந்தாங்க, அதுவரைக்கும் அந்தமான் சனம் இன்டர்நெட்டுக்கு சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்துச்சு.

கடல் கேபிள்ல மட்டும் செம்பு உண்டு. தகவலுக்கு இல்ல, கடலுக்கடியில இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு குடுக்குறதுக்கு. நம்ம தெருக் கேபிள்ல அது கூட இல்ல, பலத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வேணா ஓடும். இதைச் சத்தமாவே சொல்லணும், ஏன்னா செம்பு இருக்கும்னு நெனச்சு ராத்திரி வெட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு போட்டுட்டுப் போயிடுறாங்க. வெட்டுனவனுக்கு அஞ்சு பைசா பிரயோஜனம் இல்ல, நாலு ஊரு ஆஸ்பத்திரியும் பேங்கும் ரேஷன் கடை மிஷினும் விடிய விடிய நிக்குது.

## உங்க தெரு முக்குல இருந்து வீட்டுக்கு

ஆபீஸ்ல இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நூல் வர்றதில்ல. ஒரு நூல் தெரு முக்கு வரைக்கும் வந்து, அங்க ஸ்ப்ளிட்டர்ங்கற சின்ன சாமான்ல 8, 16, 32னு பிரியும். அதுக்குக் கரண்டே வேண்டாம், வெளிச்சத்தைப் பங்கு போடுறது மட்டும்தான் வேலை. எல்லா வீட்டுக்கும் ஒரே வெளிச்சம்தான் வரும், உங்க வீட்டுப் பெட்டி உங்களுக்கானதை மட்டும் பிரிச்சு எடுத்துக்கும், மத்தது பூட்டுப் போட்டு வர்றதால படிக்க முடியாது. நீங்க மேல அனுப்புறப்ப தெருக் குழாய்ல குடம் வைக்கிற மாதிரி, ஒவ்வொரு வீடும் அதுக்குக் குடுத்த நொடித்துளில முறை வச்சு அனுப்பும். இந்த ஏற்பாட்டுக்குப் பேரு ஜிபான். மொத்தமா நொடிக்கு 2.5 ஜிகாபிட், அதாவது 2,500 எம்பிபிஎஸ் எறங்கும், அதைத்தான் அந்த 32 வீடும் பங்கு போட்டுக்கும். ராத்திரி ஒம்போது மணிக்கு மெதுவானா சில நேரம் காரணம் இதான்.

32 பங்கு போட்டா அங்கயே 15 டெசிபெலுக்கு மேல போயிரும், ராமநாதபுரம் பாதி வழிக்கு மேல போன நஷ்டம் ஒரு சின்ன டப்பாக்குள்ள. மிச்சம் வர்றதைத்தான் நாங்க மீட்டர் வச்சு அளப்போம். மைனஸ் நம்பர் பெருசாகப் பெருசாக வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். மைனஸ் 20 பக்கம் காட்டுனா நல்ல லைன். மைனஸ் 27-ஐத் தாண்டுனா பெட்டி தடுமாறும். கம்ப்ளெயின்ட் குடுத்து ஆளு வந்தா "பவர் எவ்வளவு காட்டுது தம்பி"ன்னு கேளுங்க, அது கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெட்டில எல்ஓஎஸ்ங்கற சிவப்பு லைட் மினுக்குனா வெளிச்சமே வரலைன்னு அர்த்தம், பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்றதால எதுவும் ஆகாது, லைன்தான் பாக்கணும்.

சித்தப்பா வீட்டுல சிவப்பு லைட் இல்ல. மீட்டர்ல மைனஸ் 26. பீரோவை நகத்துனவங்க ஒயரை செவுத்தோட மடக்கி நசுக்கி வச்சிருக்காங்க. ரொம்ப வளைச்சா வெளிச்சம் சாய்வா மோதுற கணக்கு கெட்டு கிளாடிங் வழியா வெளிய கசியும். நிமித்தி விட்டதும் மைனஸ் 21. அதோட பெட்டி பீரோவுக்குப் பின்னாடி இருந்துச்சு, வைஃபைக்கு அந்த இரும்பு பெரிய தடை. ஃபைபர் வேற வைஃபை வேறங்க. பெட்டி வரைக்கும்தான் ஃபைபர், அங்க இருந்து போனுக்கு வர்றது ரேடியோ. ஸ்பீடு பாக்கணும்னா பெட்டில லேன் கேபிளைச் சொருகிப் பாருங்க, அதுல சரியா வந்தா லைன்ல கோளாறு இல்ல.

வளைச்சாலும் அதிகம் கசியாத ஃபைபரை கார்னிங் 2007-ல கொண்டு வந்தாங்க, இப்ப வீட்டுக்குள்ள வர்ற ஒயர்ல நெறைய அந்த வகைதான். அதுக்குன்னு ஆணி அடிச்சு நசுக்கலாம்னு அர்த்தம் இல்ல.

## எந்தக் கம்பெனி எதைச் செய்யுது

"ஃபைபர் கம்பெனி"ன்னா ஜனங்க ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல்லைச் சொல்றாங்க. அவங்க சேவை குடுக்கிறவங்க. கண்ணாடி நூல் செய்றவங்க வேற: அமெரிக்காவுல கார்னிங், இத்தாலில ப்ரிஸ்மியான், சீனாவுல வூஹான்ல ஒய்ஓஎஃப்சி, ஜப்பான்ல சுமிட்டோமோ, ஃபுஜிகுரா, ஃபுருகாவா. ஃபுஜிகுரான்னா எங்க ஆளுகளுக்கு ஜாயின்ட் மிஷின் பேரு, அவ்வளவு பழக்கம். நம்ம நாட்டுல ஸ்டெர்லைட் டெக்னாலஜீஸ் கண்ணாடிக் கம்புல இருந்து கேபிள் வரைக்கும் தானே செய்யுது, எச்எஃப்சிஎல், ஃபினோலெக்ஸ், பிர்லா கேபிள் எல்லாம் இருக்கு. ரெண்டு முனைப் பெட்டிக்கு நோக்கியா, ஹுவாவே, நம்ம பெங்களூரு தேஜஸ். கடல்ல எறக்குறதுக்கு சப்காம், என்இசி, அல்காடெல் சப்மரீன்னு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆள் இருக்கு. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டு போற வேலையை டான்ஃபிநெட்டுங்கற அரசு நிறுவனம் பாக்குது.

## இப்ப கண்ணாடியையே எடுக்குறாங்க

கடைசியா ஒண்ணு, இப்ப நடக்குறதுல எனக்கு நெசமாவே சிலிர்ப்பா இருக்கிறது இதான். மொதல்ல சொன்னேன்ல, கண்ணாடிக்குள்ள வெளிச்சம் 2 லட்சம் கிலோமீட்டர்தான்னு. நடுவுல கண்ணாடியே இல்லாம காத்து மட்டும் இருந்தா 3 லட்சத்துக்குப் பக்கத்துல ஓடுமே? ஆனா காத்துல வெளிச்சம் வேகமாப் போறதால கிணத்து வித்தை அங்க நடக்காது. அதனால சுத்தி ரொம்ப மெல்லிசான கண்ணாடிக் குழாய்களை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி, வேற விதமா வெளிச்சத்தை நடுவுலயே நிறுத்துறாங்க. ஹாலோ கோர் ஃபைபர், அதாவது நடுவுல காலியா விட்ட நூல். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இருந்து பிரிஞ்சு வந்த லுமெனிசிட்டிங்கற கம்பெனி இதைச் செஞ்சுச்சு, மைக்ரோசாஃப்ட் 2022 டிசம்பர்ல அதை வாங்கிருச்சு. 2025-ல கிலோமீட்டருக்கு 0.091 டெசிபெல்னு கட்டுரை போட்டாங்க. அத்தன வருஷம் சுத்தம் பண்ணுன கண்ணாடியால கூட தொட முடியாத நம்பர் அது, பாதி வெளிச்சம் தேய 33 கிலோமீட்டர் ஆகும்.

இதுல மட்டும்தான் முதல் கணக்கு, அதாவது வந்து சேர்ற நேரம், உண்மையிலேயே மூணுல ஒரு பங்கு கொறையுது. டேட்டா சென்டர்களுக்கு நடுவுல அதுக்குப் பெரிய மதிப்பு. நம்ம தெருவுக்கு இப்போதைக்கு அவசியம் இல்ல, வீடியோ பாக்குறதுக்கு அந்த நேரக் கணக்கு பெருசாத் தெரியாது. உள்ள காத்து இருக்கிற நூலைத் தண்ணி, ஈரம் ஏறாம ரோட்டோரத்துல உக்காந்து ஒட்டுறது எங்களுக்கும் புது வேலை. அந்த மெல்லிசுக் குழாய்கள் சூட்டுல அமுங்கிராம எவ்வளவு நேரம் பொறி விடணும்னு மிஷின்ல புதுசா அளவு பழகணும்.